குடத்துக்குக் கட்டிய தலைத்துண்டு

“...எல்லாந்தான் புடிக்கும்லா அவளுக்கு. எது குடுத்தாலும் சாப்புடுவா,” என்றார் பெரியப்பா, வெற்றிலைக்குச் சுண்ணாம்பு தடவியபடி.

அக்கா, அதாவது அவர் மகள், கையிலிருந்த கரண்டியைக் கீழே வைத்துவிட்டாள். மறுநாள் அவளுக்குக் கல்யாணம். எங்கள் வழக்கப்படி, சுமங்கலியாய்ப் போய்ச் சேர்ந்தவளை முதல்நாளே வீட்டுக்கு அழைத்துப் படையல் போட வேண்டும். மஞ்சள் பூசிய குடமும் தேங்காயுமாய் அவளே வந்து உட்கார்ந்திருப்பதாக ஐதீகம். வந்தவளுக்குப் பிடித்ததை வைக்க வேண்டாமா? ரப்பர்த் தோட்டத்தில் பால்மரம் வெட்டிக்கொண்டிருந்த பெரியம்மா, அக்காவின் மூன்று வயதிலேயே போய்விட்டார். என் அம்மா அதற்குப் பிறகு வந்த மருமகள். என் அப்பாவுக்கோ தன் தட்டில் விழுவது மட்டும்தான் தெரியும். கேட்பதற்கு இருந்தவர் பெரியப்பா ஒருவர்தான்.

“ஒரே ஒரு நாளச் சொல்லுங்கப்பா. அம்மா சிரிச்சது, சண்ட போட்டது, எதாச்சும்.”

“தெனம் சிரிப்பா. நல்லவ.”

பெரியப்பா அப்படித்தான். எதைக் கேட்டாலும் தினம் என்பார், எப்பவும் என்பார். அன்றைக்கு என்று ஒரு நாள் அவர் வாயில் வராது. ஜப்பான்காரன் காலத்தில், சயாமில் ரயில் பாதை போடத் தோட்டத்திலிருந்து இழுத்துப் போனவர்களில் அவரும் ஒருவர். கூடப் போன சிநேகிதர்கள் யாரும் வரவில்லை. “சயாம் போனவன் திரும்பினாலும் முழுசாத் திரும்ப மாட்டான்” என்பார்கள் எங்கள் ஊரான சிலிபினில். நான் அவர் கைகால்களைச் சரிபார்த்திருக்கிறேன்; எல்லாம் இருந்தன. ஒரு நாளை உருவினால் அந்த நாட்களும் கூடவே வந்துவிடும் என்று எல்லா நாளையும் ஒன்றாய்ச் சுருட்டி வைத்திருந்தார் என்பது, எனக்குப் பிள்ளைகள் பிறந்த பிறகுதான் பட்டது.

“கல்லாட்டம் இருக்காரே மனுசன்,” என்று அம்மா முணுமுணுத்தாள். அக்கா வடையும் பாயசமுமாய், யாருக்கும் வைக்கிற மாதிரி இலையை நிரப்பினாள்.

சூடம் ஏற்றும் நேரத்தில் பெரியப்பா எழுந்து வந்தார். குடத்தை உற்றுப் பார்த்தார். தோள்துண்டை உருவித் தேங்காய் மேல் போட்டு, பால்மரம் வெட்டப் போகும் பெண்கள் தலைக்குக் கட்டுவதுபோல் இறுக்கிக் கட்டினார். சுற்றியிருந்த பூவெல்லாம் நசுங்கியது.

“கொடத்துக்குத் தலைத்துண்டா!” என்று நான் சிரித்தேன். அக்கா வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள். அலங்காரம் கெட்டுப்போனதற்குத்தான் அழுகிறாள் என்று, “வேற பூ இருக்குக்கா” என்று சமாதானம் சொன்னேன்.

பெரியப்பா எங்கள் யாரையும் பார்க்கவில்லை. முடிச்சு வலப்பக்கம் விழுந்திருந்தது. இல்லையென்று தலையை ஆட்டி, அதை அவிழ்த்து, இடது காது இருந்திருக்க வேண்டிய இடத்தில் வைத்து மறுபடி கட்டினார்.