பீர்க்கங்காயை முந்திய கொடிரோஜா

எங்கள் வாசலில் பந்தல் நின்ற அன்றே சண்டையும் தொடங்கிவிட்டது.

ஆந்திர எல்லையில் உள்ள ஸ்ரீசிட்டி தொழிற்பேட்டையில் நான் வேலை செய்யும் கம்பெனியின் தோட்டத்தில் அப்படி ஒரு பந்தல் உண்டு. நான்கு இரும்புத் தூண்கள், மேலே குறுக்குக் கம்பிகள், அதன்மேல் அடர்ந்து கிடக்கும் கொடிரோஜா. முதல் தடவை அதன் கீழே நடந்தபோதே, எங்கள் வீட்டு கேட்டுக்கும் கதவுக்கும் நடுவில் இது வேண்டும் என்று முடிவு செய்துவிட்டேன். வெல்டிங் கடையில் சொல்லி, செய்து நிறுத்தியும் விட்டேன். அப்பாவை நான் நைனா என்றுதான் கூப்பிடுவேன். அவர் தூணைப் பிடித்து ஆட்டிப் பார்த்தார்.

"நல்லா கெட்டியா கீது. பீர்க்கங்கா வுட்டா தெருவுக்கே குடுக்கலாம்."

"ரோஜா வைக்கப்போறேன் நைனா."

"ரோஜாவத் துன்ன முடியுமா?"

அவர் கேலிக்குக் கேட்கவில்லை. அடுத்தவர் நிலத்திலேயே உழைத்த குடும்பம் எங்களுடையது. சொந்தமாக மண் கிடைத்த பிறகும் சமையலுக்கு உதவாத எதையும் நட்டதில்லை. வேலியோரத்தில்கூட அவரைக்காய்க் கொடிதான். எனக்கோ, பார்த்துச் சந்தோஷப்பட மட்டும் ஒரு செடி வேண்டும். இந்த வீட்டில் முதலில் பள்ளிக்கூடம் போனவள் நான். முதல் பூச்செடியும் என் கையால்தான் என்று அடம் பிடித்தேன்.

"ஞாயித்துக்கெழமைக்குள்ள கொண்டாந்தா உன் ரோஜா. இல்லாங்காட்டி என் பீர்க்கங்கா" என்றார்.

சனிக்கிழமை காலையிலேயே திருப்பதிக்குக் கிளம்பினேன். தனியாகப் போனால் ஏமாற்றிவிடுவார்கள் என்று அவரும் பஸ் ஏறினார்.

ரேணிகுண்டா சாலையில் ஒரு நர்சரி. உள்ளே நுழைந்ததும் எனக்குத் தலைகால் புரியவில்லை. எல்லாமே வேண்டும் போலிருந்தது. ஆனால் எங்கள் பந்தலுக்கு ஒரு செடியே போதும், இரண்டு வைத்தால் நெருக்கும் என்றார் நர்சரிக்காரர். வெளிறிய ரோஸ் நிறத்தில், முகர்ந்தால் விட மனம் வராத ஒன்றைத் தேர்ந்தெடுத்தேன். திரும்பினால் நைனாவைக் காணோம்.

அவர் சாலைக்கு அந்தப் பக்கம் நின்றுகொண்டிருந்தார்.

"அத்தத் தூக்கிப் புடி!" என்று கத்தினார்.

தொட்டியைத் தலைக்குமேல் தூக்கிக் காட்டினேன்.

"ஒண்ணுமே தெர்ல! பக்கத்துல அந்த செவப்பத் தூக்கு!"

தூக்கினேன்.

"ஆங்! இது தெரியுது! நம்ம ரோட்டுல பஸ்ல போறவனுக்குக்கூடத் தெரியும்!"

நர்சரிக்காரர் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். "உங்க நைனா செடி வாங்க வந்தாரா, பஸ்ஸ நிறுத்த வந்தாரா?"

சிவப்பில் வாசனை கொஞ்சம்தான். இன்னொரு முறை ரோஸை முகர்ந்து பார்த்தேன். ஆனால் பீர்க்கங்காய்க்காக மல்லுக்கட்டிய மனிதர், லாரிகளுக்கு நடுவே நின்று ரோஜாவுக்கு நிறம் பார்க்கிறார்! சிவப்பையே வாங்கினேன்.

திரும்பும் பஸ்ஸில் தொட்டி அவர் மடியில். பக்கத்து சீட்டு அம்மாள் என்ன செடி என்று கேட்டார்.

"கொடிரோஜா. எம் பொண்ணு செலக்ட் பண்ணது. படிச்ச பொண்ணு, நல்லதாப் பாத்து எடுத்துக்கீது."

கண் சிமிட்டாமல் சொன்னார். நானும் மறுக்கவில்லை.

"வரதய்யபாளையம் தாண்டினா எட்த கைப்பக்கம் எங்க வூடு. ஜன்னலாண்ட குந்திக்கினு பாரும்மா, செவப்பா தெரியும்."

"இன்னைக்கே தெரியுமா?" என்று அந்த அம்மாள் சிரித்தார்.

நைனா என் தோளைத் தட்டினார். "எப்போ பூக்கும்னு கரீக்டா சொல்லு பாப்பா. அவங்க அதப் பாத்து பஸ் ஏறணும்ல!"