டேப்புக்கு அடங்காத கால்

என் வீட்டுக்காரர் என்னைவிட நாலு விரற்கிடை உயரம் குறைவு. கல்யாணத்தன்று தேவாலயச் சபையில் அவர் பக்கத்தில் நிற்கும்போது செருப்பைக் கழற்றிவிட்டு நின்றேன். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். அக்குபங்சர் பரீட்சையில் நான் தோற்றதற்கு இந்த நாலு விரற்கிடைதான் பாதிக் காரணம். மீதிப் பாதி அவருடைய நல்ல குணம்.

நல்ல குணம் என்றால் சாதாரண நல்ல குணம் இல்லை. கல்யாணமான புதிதில் ஒருநாள் மீன்குழம்பில் இரண்டு தடவை உப்பைப் போட்டுவிட்டேன். மனிதர் மூன்று தடவை சோறு வாங்கிச் சாப்பிட்டுவிட்டு, "நல்லா உண்டு" என்று சொல்லிக் கை கழுவினார். பிறகு நான் ஒரு வாய் வைத்துப் பார்த்தபோதுதான் விஷயம் தெரிந்தது. எந்த வீட்டில் எதைக் கொடுத்தாலும் குறை சொல்லமாட்டார். யார் மனசும் நோகக்கூடாது. எனக்கு அது பிடிக்கும். சில நேரம் எரிச்சலாகவும் இருக்கும்.

அவர் பூவார் – நெய்யாற்றின்கரை வழித்தடத்தில் பஸ் ஓட்டிக்கொண்டிருந்தார். நான் பாறசாலைக்குப் பக்கத்து ஊரில், எங்கள் வீட்டு முன்னறையில் தையல் மிஷின் போட்டு, ஜாக்கெட்டும் பள்ளிக்கூட யூனிபாரமும் தைத்துக்கொண்டிருந்தேன். தொண்ணூறுகளின் நடுவில் அவருக்கு வலது தோள் பிடித்துக்கொண்டது. கை தோள் மட்டத்துக்கு மேலே எழும்பாது. சட்டை போடும்போது வலது கையை நான்தான் நுழைத்துவிட வேண்டும். வைத்தியர் தந்த குழம்புத் தைலம் போட்டுத் தடவினோம், மாத்திரை விழுங்கினார், ஊசியும் போட்டுப் பார்த்தார். எப்படி இருக்கிறது என்று யார் கேட்டாலும் "தேவலை" என்பார். ஆனால் ஸ்டியரிங்கை ஒடிக்கும்போது உதட்டைக் கடிப்பதை, அவர் வண்டியில் ஏறிப்போன ஒருநாள் என் கண்ணாலேயே பார்த்தேன். இப்படியே போனால் வண்டியை விட்டு இறக்கி டெப்போவில் உட்கார வைத்துவிடுவார்கள். அந்த மனிதருக்கு வண்டி ஓட்டுவதைவிட்டால் வேறு சந்தோஷம் கிடையாது.

அந்தச் சமயத்தில்தான், லைனிங் துணி வாங்க நெய்யாற்றின்கரை போனவள், பாரலல் காலேஜ் என்கிற ஒரு டுட்டோரியல் சுவரில் அந்த நோட்டீசைப் பார்த்தேன். அக்குபங்சரும் சீன மருத்துவமும் ஒரு வருடப் பயிற்சி, சனிக்கிழமை மதியம் வகுப்பு, முடிவில் சர்டிபிகேட். பத்தாவது முடித்ததும் நர்சிங் படிக்க ஆசைப்பட்டு, வீட்டில் விடாததால் மிஷினில் உட்கார்ந்தவள் நான். இவருடைய தோளை நானே சரிப்படுத்திவிடுவேன் என்று அங்கே நின்றபடியே முடிவு செய்துவிட்டேன். எனக்கு எப்போதும் நினைப்பு கொஞ்சம் கூடுதல்தான்.

டியூஷன் பிள்ளைகள் போனபிறகு, காலேஜ் மாடியில் இரண்டு இரண்டு பெஞ்சாகச் சேர்த்துப் போட்டு, மேலே பாய் விரித்தால் அதுதான் எங்கள் ஊசிக் கட்டில். மொத்தம் பன்னிரண்டு பேர் படித்தோம். ஹோமியோ மருந்துக்கடைக்காரர், ரிட்டயர்டான டிரில் சார், ஒரு கன்னியாஸ்திரீ என்று பல தினுசு. சொல்லிக்கொடுத்த டீச்சர் கொழும்பில் படித்துவிட்டு வந்தவர், என்னைவிட எட்டு வயது சிறியவர். மலையாளம்தான் பேசுவார், என்னைச் சேச்சி என்று கூப்பிடுவார்.

முதல் நாளே அவரிடம் வாங்கிக் கட்டிக்கொண்டேன். சோப்புக் கட்டியில் ஊசி செருகிப் பழகச் சொல்லி, ஆளுக்கு ஐந்து ஊசி தந்தார். நான் பழக்கதோஷத்தில் நாலு ஊசியை உதட்டில் கவ்விக்கொண்டு ஐந்தாவதைச் செருகினேன். டீச்சர் ஓடிவந்து என் வாயிலிருந்து ஊசிகளை ஒவ்வொன்றாக உருவினார்.

"சேச்சி, இது பிளவுஸ் அல்ல," என்றார்.

ஆனால் ஊசி செருகுவதில் என்னை யாரும் மிஞ்ச முடியவில்லை. டிரில் சார் வளைத்து வளைத்து ஊசிகளைப் பாழாக்கிக்கொண்டிருந்த காலத்தில், நான் வலி தெரியாமல் செருகி எடுத்துவிடுவேன். அந்தக் கர்வத்தில்தான், அளவு பற்றி டீச்சர் சொன்னதைக் காது கொடுத்துக் கேட்காமல் விட்டேன்.

சீன வைத்தியத்தில் உடம்பை அளக்க சுன் என்று ஓர் அளவு உண்டு. நோயாளியின் கட்டைவிரல் கணு எவ்வளவு அகலமோ அது ஒரு சுன். ஏறக்குறைய ஒரு இஞ்ச் வரும் என்று டீச்சர் சொன்னார். ஏறக்குறைய என்ற வார்த்தை தையல்காரிக்கு ஆகாது. விரலை வைத்து அளக்க நான் என்ன காய்கறிக்காரியா? கழுத்தில் எப்போதும் டேப் கிடக்கிறது. டேப்பை வைத்துக் கணக்காக இஞ்ச் பிடித்தேன். வகுப்பில் ஒருவர் காலில் ஒருவர் பழகியபோது எல்லாம் சரியாகவே வந்தது. யாராக இருந்தாலும் முட்டியிலிருந்து கணுக்கால் வரை பதினாறு சுன் என்பது கணக்கு. நடுத்தர உயரமுள்ளவர்களுக்கு டேப் வைத்தால் அது பதினாறு இஞ்ச்சை ஒட்டித்தான் இருக்கும்.

கடைசி மூன்று மாதம் ஒவ்வொருவரும் ஒரு நோயாளியைக் கூட்டிவந்து, பத்து தடவை ஊசி போட்டு, ரெக்கார்டு புத்தகத்தில் எழுத வேண்டும். பிறகு வெளியிலிருந்து வரும் பரீட்சைக்காரர் முன்னால் அந்த நோயாளியைக் காட்ட வேண்டும். நான் இவரைக் கூட்டிப்போனேன். தோள் பிடிப்புக்கு ஒரு முக்கியமான இடம் கால் தண்டின் வெளிப்பக்கம், முட்டிக்கு எட்டு சுன் கீழே இருக்கிறது. அங்கே ஊசியைச் செருகி வைத்துக்கொண்டு கையைத் தூக்கித் தூக்கி இறக்க வேண்டும்.

"தோளு வலிக்குக் காலுல குத்தா?" என்றார் இவர்.

"சீனாக்காரன் அப்படியாக்கும் கண்டு வெச்சிருக்கான். நீங்க சும்ம கிடயுங்க."

டேப் வைத்து எட்டு இஞ்ச் பிடித்து, தையல் சாக்கட்டியால் அவர் காலில் ஒரு கோடு போட்டேன். மற்றவர்கள் உடம்பில் நடுங்காத கை அன்றைக்கு நடுங்கியது. இரண்டு தடவை தப்பிப்போய் மூன்றாவது தடவைதான் ஊசி இறங்கியது. ஊசி சரியான இடத்தில் விழுந்தால் நோயாளிக்கு உள்ளே ஒரு கனம் தெரியும், ஒரு கடுப்பு பாதம் வரைக்கும் இறங்கும் என்று பாடம். அது வந்தால்தான் வைத்தியம் நடக்கிறது என்று அர்த்தம். டீச்சர் ஒவ்வொரு பெஞ்சாக வந்து, அது வந்ததா என்று நோயாளியிடம் ஒரே கேள்விதான் கேட்பார்.

"வந்நோ?"

"வந்துது," என்றார் இவர், அவர் கேட்டு முடிப்பதற்குள். டீச்சர் அடுத்த பெஞ்சுக்குப் போய்விட்டார்.

வாரா வாரம் கை உயர்ந்தது. தோள் மட்டம், காது மட்டம் என்று ரெக்கார்டில் எழுதினேன். சபையில் பாட்டு முடிந்து எல்லோரும் வெளியே வரும்போது, "சீனாக்காரி வந்தாச்சு" என்று கேலி செய்த பெண்களிடம் இவரைக் கை தூக்கிக் காட்டச் சொல்லுவேன். தூக்கிக் காட்டுவார். அப்படித் தூக்கும்போது அவர் சட்டையின் வலதுபக்க விளிம்பு மட்டும் ரொம்ப மேலே ஏறுவதைப் பார்த்தேன். அடடா, வெட்டும்போது பக்கத் துணியைக் குறைத்துவிட்டோம் போலிருக்கிறது என்று நினைத்து, அவருடைய இரண்டு சட்டைகளையும் பிரித்து, வலதுபக்கம் அரை இஞ்ச் இறக்கித் தைத்தேன். இதை எழுதும்போதும் வெட்கமாகத்தான் இருக்கிறது. கண்ணுக்கு முன்னால் உண்மை ஏறி இறங்கிக்கொண்டிருக்கிறது; நான் தையலைப் பிரித்துக்கொண்டிருந்தேன்.

பரீட்சைக்காரர் திருவனந்தபுரத்திலிருந்து வந்தார். ஒல்லியான, அதிகம் பேசாத மனிதர். ரெக்கார்டைப் புரட்டிப் பார்த்துவிட்டு இவரிடம், "கை பொக்கிக்கே," என்றார். இவர் தூக்கினார். காது வரை போனது. பரீட்சைக்காரர் எழுந்து இவருக்குப் பின்னால் போய், ஒரு கையால் முதுகுப் பட்டை எலும்பை அமுக்கிப் பிடித்துக்கொண்டு, மறு கையால் இடுப்பைச் சாயாமல் பிடித்தார்.

"இனி பொக்கிக்கே."

கை தோள் மட்டத்தில் நின்றுவிட்டது. அதற்கு மேல் ஒரு விரல்கூட ஏறவில்லை. இத்தனை நாளும் மனிதர் இடதுபக்கம் உடம்பைச் சாய்த்துச் சாய்த்துக் கையை உயர்த்திக் காட்டியிருக்கிறார். நெற்றியில் வியர்வையோடு, பள்ளிக்கூடப் பிள்ளை போல என்னைப் பார்த்தார். நான் முகத்தைத் திருப்பிக்கொண்டேன். அடுத்த பரீட்சைக்கு வரச் சொல்லி என் ரெக்கார்டு திரும்பி வந்தது.

திரும்பும் பஸ்ஸில் தனுவச்சபுரம் தாண்டும்வரை ரெக்கார்டை மடியில் வைத்துப் புரட்டிக்கொண்டிருந்தேன். அப்புறம் கேட்டேன்.

"காலுல கனம் வந்துதுன்னு சொன்னது?"

"எறும்பு கடிச்ச மாதிரி இருந்துது."

"அவ்வளவுதானா? பத்து தடவையும்?"

"முதல் நாளு ஒனக்க கை கிடந்து நடுங்கிச்சு, பிள்ளே. கண்ணும் நெறஞ்சு நின்னுது. வரல்லன்னு நான் எப்படிச் சொல்லுவேன்? பொறவு மாத்திச் சொல்ல ஒக்குமா?"

நீங்கள் சொல்கிற வார்த்தையை நம்பித்தானே நான் ஊசி போடுகிறேன், நீங்களே பொய் சொன்னால் நான் யாரைக் கேட்பேன் என்று ஏதோ கத்தினேன். முன் சீட்டுக்காரர்கள் திரும்பிப் பார்த்தார்கள். மூன்று நாள் அவரோடு பேசவில்லை. கோபம் அவர்மேல்தான் என்று காட்டிக்கொண்டேன். பாதிக்குமேல் என்மேல்தான் இருந்தது.

அடுத்த சனிக்கிழமை டீச்சர் எங்கள் இரண்டு பேரையும் வரச் சொல்லி, முதலிலிருந்து செய்துகாட்டச் சொன்னார். நான் கழுத்திலிருந்து டேப்பை எடுத்து, எட்டு இஞ்ச்சில் சாக்கட்டிக் கோடு போட்டேன்.

"டேப் எந்தினா, சேச்சி?" என்று கேட்டவர், பதிலுக்குக் காத்திருக்காமல் இவருடைய கட்டைவிரலைப் பிடித்து அவர் முட்டிக்குக் கீழே வைத்து, ஒன்று, இரண்டு என்று எண்ணி இறங்கினார். எட்டு வந்த இடம், என் சாக்கட்டிக் கோட்டுக்கு ஒன்றேகால் இஞ்ச் மேலே இருந்தது. இவருக்கு உடம்பு நீளம்தான்; கால்தான் குட்டை. ஊரில் அது என்னைவிட யாருக்குத் தெரியும்? எத்தனை பேன்ட் தைத்திருக்கிறேன். முட்டியிலிருந்து கணுக்கால் வரை பதின்மூன்றரை இஞ்ச். அதில் பாதி எங்கே, என் எட்டு எங்கே.

டீச்சர் அந்தச் சாக்கட்டிக் கோட்டை விரலால் தடவிப் பார்த்தார். "ஞானும் தொட்டு நோக்கியில்ல. சோதிச்சதே உள்ளூ," என்றார். கேட்டதோடு விட்டுவிட்டேன், தொட்டுப் பார்க்கவில்லை என்று அவ்வளவு எளிதாக ஒப்புக்கொண்ட டீச்சரை அன்றைக்கு எனக்கு இன்னும் பிடித்துப்போனது.

கையில் பாவாடை இலாஸ்டிக் ஒரு துண்டு இருந்தது. அதில் சமமாகப் பேனாவால் பதினாறு பாகம் குறித்து, ஒரு முனையை அவர் முட்டியிலும் மறுமுனையைக் கணுக்காலிலும் இழுத்துப் பிடித்தேன். எந்தக் காலுக்கும் இழுபடும். எட்டாவது கோடு தானாகவே நடுவில் வந்து நிற்கும். டீச்சர் சிரித்துவிட்டார். வகுப்பில் எல்லோருக்கும் அப்புறம் ஆளுக்கு ஒன்று செய்து கொடுத்தேன். அன்றைக்கு எட்டாவது கோட்டில் ஊசியைச் செருகி மெல்லத் திருகினேன்.

இவருடைய கால் பெருவிரல் மடங்கியது. புருவம் மேலே ஏறியது.

"எடு பிள்ளே," என்றார்.

"என்ன?"

"எடுன்னு சொன்னேன். அம்மி தூக்கி வெச்ச மாதிரி இருக்கு. இது மத்தது மாதிரி இல்லயாக்கும். பாதம் வர போவுது."

கல்யாணமாகிப் பதினாலு வருடத்தில் அவர் என்னிடம் சொன்ன முதல் குறை அது. எனக்கு ஒரே சந்தோஷம். எடுக்கவில்லை. கையைத் தூக்கச் சொல்லி, முதுகுப் பட்டையை நானே அமுக்கிப் பிடித்தேன். இரண்டு விரல் அளவு ஏறியது. சாயாமல், நேராக, இரண்டே விரல்.

அப்புறம் பல சனிக்கிழமைகள் பிடித்தன. "வந்துதா?" என்று கேட்டால், வராத நாளில் "வரல்ல" என்று சொல்லப் பழகினார். முதலில் மன்னிப்புக் கேட்கிற குரலில் சொல்லுவார். போகப் போக டிரைவர் குரலில் சொன்னார். அடுத்த பரீட்சையில் அதே ஒல்லி மனிதர் அதேபோலப் பிடித்துப் பார்த்துவிட்டுக் கையெழுத்துப் போட்டார்.

ஆனால் எனக்குச் சர்டிபிகேட்டைவிட நினைவில் நிற்பது அதற்குச் சில வாரம் முந்தைய ஒரு ஞாயிற்றுக்கிழமை. சபையிலிருந்து வந்து, சட்டையைக்கூடக் கழற்றாமல் சாப்பிட உட்கார்ந்தார். மீன்குழம்பை ஊற்றினேன். ஒரு வாய் வைத்தார். கையைத் தட்டிலேயே வைத்துக்கொண்டு என்னைப் பார்த்தார்.

"உப்பு இல்ல, கேட்டியா."

நான் அப்படியே உட்கார்ந்துவிட்டேன். உப்பு டப்பா இருக்கும் பலகை என் உயரத்துக்கு அடித்தது. அவருக்கு என்றைக்கும் நான்தான் எடுத்துக் கொடுப்பேன். அவர் தட்டை நகர்த்திவிட்டு எழுந்து, இடது கையால் எடுக்கப் போனவர், அப்புறம் என்ன நினைத்தாரோ, வலது கையைக் கழுவிக்கொண்டு வந்தார். பலகைக்குக் கீழே நின்று வலது கையை உயர்த்தினார். கால் பெருவிரலில் எக்கினார். எடுத்துக் கொடுக்க என் கை பரபரத்தது; நான் எழுந்திருக்கவில்லை. அவர் முதுகு இடதுபக்கம் சாயவில்லை. நான் இறக்கித் தைத்த சட்டையின் அந்த வலதுபக்க விளிம்பு இப்போது அரை இஞ்ச் நீளமாகத் தொங்கியது. இரண்டு விரலில் டப்பாவைச் சரித்துப் பிடித்து இறக்கி, கொண்டுவந்து என் முன்னால் வைத்தார்.