நான் உருட்டிப் பார்த்து எடுத்த டயர்கள்

ஆறாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்குக் கும்பிடு போட்டவன் நான். ஈஜிபுராவில் ஒரு புங்கமரத்தடியில் பஞ்சர் ஒட்டி ஆரம்பித்தேன். வங்கி கையை விரித்தது, கூட்டாளி கம்பி நீட்டினான், மழைத்தண்ணீர் கடைக்குள் புகுந்தது. அசரவில்லை. இன்றைக்கு அல்சூரில் டயர் கடை, ஹெப்பகோடியில் வீல் அலைன்மென்ட் மெஷினோடு இன்னொன்று. இதெல்லாம் ஊருக்கே தெரியும். டயர் விஷயத்தில் என் முதல் சாதனை தொண்ணூறுகளின் தொடக்கத்தில், நான் அரைக்கால் சட்டை போட்ட வயதில் நடந்தது. அதை மட்டும் வீட்டில் ஒருவரும் சொல்வதில்லை.

அப்பாவின் தங்கைக்குக் கிருஷ்ணகிரியில் கல்யாணம். "பொண்ண எங்க கார்லயே கூட்டியாந்துடுறோம்" என்று மாப்பிள்ளை வீட்டில் அப்பா வாயை விட்டுவிட்டார். காரோ பழைய சின்ன கார். டயர்கள் நூல் தெரிய மொட்டையாகிக் கிடந்தன. கல்யாணப் பெண்ணோடு நடுரோட்டில் வெடித்தால்? அம்மாவின் அண்ணன், எங்கள் மாமா, களத்தில் குதித்தார். சிநேகிதர் கடை இருக்கிறது, கண்ணை மூடிக்கொண்டு வாங்கலாம் என்றார். நானும் வருவேன் என்று ஒரே ஆட்டம் போட்டு, பின்சீட்டில் ஏறிக்கொண்டேன்.

கடை வாசலில் அடுக்கடுக்காக டயர்கள், புது ரப்பர் வாசனை. எனக்குத் தலைகால் புரியவில்லை. கடைக்காரர் நான்கு டயர்களை எடுத்துப்போட்டார். கறுகறுவென்று மின்னின.

"எப்படி மாப்ள?" என்றார் மாமா, தானே செய்ததைப் போல.

அப்பா ஒரு டயரின் ஓரத்தைக் கட்டைவிரலால் தடவினார். இன்னொரு முறை தடவினார். "நீங்க பாத்தா சரிதான் மச்சான்" என்றவர் என் பக்கம் திரும்பினார். "சும்மா நிக்கிறியே, உருட்டிப் பாரேன்டா."

கேட்கவா வேண்டும்! அல்சூர்ச் சந்துகளில் பழைய டயரைக் குச்சியால் தட்டி ஓட்டும் பந்தயத்தில் என்னை மிஞ்ச ஆள் கிடையாது. பழைய டயரின் மேல் புது ரப்பர் ஒட்டியதை நாங்கள் பந்தயத்துக்கே எடுக்க மாட்டோம். எவ்வளவு தட்டினாலும் குடிகாரன் மாதிரிதான் போகும். நான் விட்ட டயர் கொஞ்ச தூரம் ஓடியது, விந்தியது, தள்ளாடி நேராக இளநீர் வண்டியில் போய் மோதியது.

"மாமா! இது புதுசில்ல, ஒட்டுப் போட்டது!" என்று தெருவே கேட்கக் கத்தினேன்.

"ஏய், சின்னப் பையன் நீ, உனக்கு என்ன கொத்து, என்ன தெரியும்?" என்று கடைக்காரர் கன்னடம் கலந்து சீறினார். மாமா டயரைத் திருப்பி, ஓரத்து ஒட்டைப் பார்த்தார். முகம் சிவந்தது. அப்புறம் என்னைத் தூக்கித் தோளில் வைத்துக்கொண்டு, "எங்கிட்டயேவா? பாத்தியா என் மருமவன் கண்ண!" என்று கடைக்காரரைப் பிடிபிடியென்று பிடித்தார். உள்ளேயிருந்து வேறு டயர்கள் வந்தன. ஒவ்வொன்றையும் உருட்டி, அம்பு மாதிரி நேராக ஓடியவற்றை நான் எடுத்துக் கொடுத்தேன். ஓசூர் தாண்டிக் கொட்டிய மழையில் கார் வழுக்காமல் பறந்தது. அத்தையின் மடியில் ராஜா மாதிரி உட்கார்ந்திருந்தேன்.

அப்பாவுக்கு டயர் பார்க்கத் தெரியாது என்றே வெகுகாலம் நினைத்திருந்தேன். எனக்கும் மச்சான் என்று ஒருவர் வாய்த்த பிறகுதான் அந்தக் கட்டைவிரல் புரிந்தது. கல்யாண நேரத்தில் அவர் குறை சொல்லியிருந்தால் மாமா முறுக்கிக்கொண்டு போயிருப்பார், அம்மா முகத்தைத் தூக்கி வைத்திருப்பாள். பிள்ளை சொன்னால் யாருக்கும் ரோஷம் வராது.

சரி, அவருக்கு முன்பே தெரிந்திருக்கட்டும். தெரிந்தவர் வாயைத் திறக்கவில்லையே, திறந்தவன் நான்தானே? அத்தை இன்றும் பேரப்பிள்ளைகளிடம், "அண்ணியோட அண்ணன் பாத்து வாங்குன டயரு" என்கிறாளாம். அத்தை, இனி அதை மாற்றிச் சொல். பார்த்தது அப்பா, கூட வந்தது மாமா, டயரை எடுத்தது நான்.