இரண்டு விரல் அகலம்

அறுவை சிகிச்சை முடிந்து ஆவடி குவார்ட்டர்ஸுக்குத் திரும்பிய அன்று என் வாய் பதினோரு மில்லிமீட்டர் திறந்தது. மேல் பல்லுக்கும் கீழ்ப் பல்லுக்கும் இடையே ஸ்டீல் ஸ்கேலை வைத்து அளந்தவள் என் மனைவி. பாதுகாப்புத் தொழிற்சாலையில் இன்ஸ்பெக்‌ஷன் பிரிவில் அவளுக்கு வேலை. குவார்ட்டர்ஸும் அவள் பெயரில்தான் இருந்தது. நான் நகரத்தில் ஒரு நாளிதழில் உதவி ஆசிரியர். பதினெட்டு வருடம் வெற்றிலையோடு புகையிலையை இடது கன்னத்தில் அடக்கிக்கொண்டு பிறர் எழுதிய செய்திகளைத் திருத்தியிருக்கிறேன். தொண்ணூறுகளின் தொடக்கத்தில் புற்று வந்ததும் அதே கன்னத்தில்தான். அந்தச் சதையை எடுத்துவிட்டு, நெஞ்சிலிருந்து ஒரு துண்டுத் தசையைத் தோலோடு திருப்பிக் கொண்டுவந்து வாய்க்குள் தைத்திருந்தார்கள்.

டாக்டர் அதிகம் பேசாதவர். "தழும்பு இறுகும். விடாம திறந்து பழகணும். மூணு மாசம் கழிச்சு வரும்போது ரெண்டு விரல் உள்ளே போகணும். போகலைன்னா மறுபடி ஆபரேஷன் தியேட்டர்தான்" என்றார்.

நோய் திரும்பி வருமோ என்ற பயத்தைவிட இந்தத் தியேட்டர் பயம் எனக்குப் பெரிதாக இருந்தது. மூக்குக் குழாய் வழியாகக் கஞ்சி இறங்குவதை ஒரு முறை பார்த்தாகிவிட்டது.

பழகுவதற்கு ஐஸ் குச்சிகள். கோவில்பதாகைப் பக்கம் குச்சி ஐஸ் செய்பவரிடம் மனைவி ஒரு கட்டு வாங்கி வந்து தண்ணீரில் கொதிக்கவைத்தாள். குச்சிகளை ஒன்றின்மேல் ஒன்றாக அடுக்கிப் பல்லுக்கு நடுவே வைத்து, பத்து நிமிடம் அப்படியே இருக்க வேண்டும். ஒரு நாளைக்கு ஐந்து தடவை. ஐந்து குச்சியில் தொடங்கினேன். பதினைந்து குச்சி சேர்ந்தால் டாக்டரின் இரண்டு விரல் என்று அவள் கணக்குப் போட்டாள். கோடு போட்ட நோட்டில் தேதி, குச்சி, மில்லிமீட்டர், குறிப்பு என்று நான்கு கட்டம். ஞாயிறு காலை அளவு எடுக்கும்போது தொழிற்சாலை முகத்தோடு உட்காருவாள். ஒரே அளவை மூன்று முறை எடுத்து, குறைந்ததைத்தான் எழுதுவாள்.

"நடுவில் உள்ளதைப் போடலாமே" என்று சீட்டில் எழுதிக் காட்டினேன். அப்போது என் பேச்சு எனக்கே விளங்காது.

"எங்க செக்‌ஷன்ல அப்படிக் கிடையாது."

எதிர் பிளாக்கில் இருந்தவர் அதே தொழிற்சாலையில் லேத்தில் இரும்பு கடையும் டர்னர். வியாசர்பாடியில் பிறந்து வளர்ந்தவர். ஷிப்ட் முடிந்து சைக்கிளை நிறுத்தும்போதே ஜன்னல் வழியாகக் கேட்பார்.

"இன்னா சார், எத்தினி குச்சி?"

எட்டு விரலைக் காட்டினேன்.

"எட்டா? போன வாரமும் எட்டுதானே? ஊட்டம்மா ஒழுங்கா அளக்கறாங்களா, இல்ல உன்னை ரிஜெக்ட் பண்ணிட்டாங்களா?"

இரண்டாவது மாதம் வாய்க்குள் ஏதோ உறுத்தியது. மனைவி டார்ச் அடித்துப் பார்த்தாள். நெஞ்சுத் தோலல்லவா? கன்னத்தின் உட்புறம் முடி முளைத்திருந்தது. டாக்டர் அது சகஜம் என்றார். டர்னருக்கு இந்தச் செய்தி ஒரு வாரத்துக்குப் போதுமானதாக இருந்தது. "வெளியே ஒரு பிளேடு, உள்ளே ஒரு பிளேடு. உனக்குச் செலவுதான் நைனா" என்றார். சிரிக்க முயன்றேன். வாய் வலப்பக்கம் மட்டும் இழுத்தது. ஆனாலும் அது சிரிப்புதான்.

டாக்டரைப் பார்க்க ஒன்பது நாள் இருந்தபோது பன்னிரண்டு குச்சியில் நின்றேன். வாரத்துக்கு ஒன்று என்ற வேகத்தில் பதினைந்து வராது. நாளிதழில் பக்கம் முடியும் நேரம் நெருங்கினால் வேலையைக் கூட்டுவதுதான் எனக்குத் தெரிந்த ஒரே முறை. மனைவி வேலைக்குப் போன ஒரு மத்தியானம், நடுவில் ஒவ்வொன்றாகச் செருகிப் பதினைந்தும் ஏற்றிவிட்டேன். கண்ணில் தண்ணீர் வந்தது. தொழிற்சாலையின் மாலைச் சங்கு ஊதும்வரை எடுக்கவில்லை.

மறுநாள் காலை கன்னம் வீங்கி, ஏழு குச்சிதான் போனது. முந்தின நாள் செய்ததை அவளுக்குச் சீட்டில் எழுதிக் காட்டினேன்.

அவள் ஸ்கேலை மேஜைமேல் வைத்தாள். திட்டுவாள் என்று எதிர்பார்த்தேன்.

"ஒரு பீஸ்ல ரெண்டு மைக்ரான் எடுக்கணும்னா ரெண்டு மைக்ரான்தான் எடுக்கணும். அவசரம்னு பத்து எடுத்தா அது பழைய இரும்பு" என்றாள். பிறகு நோட்டை எடுத்து ஏதோ எழுதினாள்.

நாள் வந்தது. மின்சார ரயிலில் அவள் நோட்டை மடியில் வைத்திருந்தாள். டாக்டர் ஒரு விரலை உள்ளே விட்டார். இரண்டாவது விரல் நகத்தோடு நின்றுவிட்டது. அவர் கேஸ் ஷீட்டைத் தன் பக்கம் இழுத்தார். நான் மேஜைக்கு அடியில் என் முழங்காலைப் பிடித்துக்கொண்டேன்.

மனைவி நோட்டை நீட்டினாள். "இதை ஒரு தடவை பாருங்க சார்."

அவர் பக்கம் பக்கமாகப் பார்த்தார். கடைசிப் பக்கத்தில் விரலை வைத்து உரக்கப் படித்தார்: "ஒரே நாளில் மூன்று குச்சி. சொல்லாமல் செய்தது. ஆபரேட்டர் தவறு."

"யார் இந்த ஆபரேட்டர்?"

நான் கையைத் தூக்கினேன்.

டாக்டர் சிரித்ததை அன்றுதான் பார்த்தேன். "இந்த ஒண்ணைத் தவிர எந்த வாரமும் இறங்கலை. ஆறு வாரம் தர்றேன். இவங்க சொல்றபடி செய்யுங்க."

ஆறு வாரமும் அவள் சொன்னபடி செய்தேன். ஏழில் தொடங்கி மறுபடி பன்னிரண்டுக்கு வரவே நான்கு வாரம் ஆயிற்று. இதற்கிடையே பேச்சும் கொஞ்சம் தெளிந்தது. காய்கறிக்காரருக்கு என் பேச்சு புரிந்தது. ஆபீஸ் டெலிபோன் ஆபரேட்டருக்குப் புரிய இன்னும் நாளானது. சாப்பாடு குழைந்த சாதம்தான். பசி நன்றாக இருந்தது. மத்தியானம் யாரும் எழுப்பாமல் தூங்கினேன். இவ்வளவு அமைதியான நாட்கள் நாளிதழ் வேலையில் எனக்குக் கிடைத்ததில்லை.

அடுத்த முறை டாக்டரின் இரண்டாவது விரல் பல்லில் உரசியபடி உள்ளே போனது.

"போதும். தியேட்டர் வேண்டாம்" என்றார்.

"உறுதியா சார்?" என்றாள் மனைவி.

"உறுதிதாம்மா. குச்சியை மட்டும் விட்டுடாதீங்க."

வெளியே வந்து கேண்டீனில் உட்கார்ந்தோம். எனக்கு இட்லி சொன்னாள். கரைக்காமல், பிட்டு, வாயைத் திறந்து, வலப்பக்கமாக வைத்து மென்றேன். இரண்டு இட்லிக்கு நாற்பது நிமிடம் ஆனது. அதற்குள் அவள் இரண்டு காபி குடித்துவிட்டாள். அவளுடைய அரை நாள் லீவு முழு நாளாகிப் போனது. அவள் கடிகாரத்தைப் பார்க்கவில்லை.