6.8 கிலோ மூட்டையும் எடை போடாத தேங்காயும்

கடந்த நவம்பரில் என் கணவர் சந்திரனுக்கு பைபாஸ் அறுவை சிகிச்சை நடந்தது. ஜூலையில் ஒரு சனிக்கிழமை அவரோடு பினாங்கு தேசியப் பூங்காவுக்குள் நடந்து போய், கெராச்சூட் கடற்கரையில் கூடாரம் போட்டு ஓர் இரவு தங்கி வந்தேன். "ஒனக்கு என்னா பைத்தியமா லா?" என்று புக்கிட் மெர்தாஜாமில் இருக்கும் அக்கா கேட்டார். மருத்துவர் அப்படிக் கேட்கவில்லை. டிரெட்மில்லில் நடக்கவிட்டுப் பார்த்துவிட்டு, நடக்கலாம், மேடு ஏறும்போது பாரம் மட்டும் வேண்டாம் என்றார்.

முன்பெல்லாம் மாதம் ஒரு மலையாவது ஏறியவர் சந்திரன். தைப்பூசத்தில் தேர் வரும்போது பதினோரு தேங்காய் உடைப்பார். இந்த வருடம் நெஞ்செலும்பு முழுதாகச் சேரவில்லை, கையை ஓங்கக் கூடாது என்று சொல்லிவிட்டதால் ஓரமாக நாற்காலி போட்டு உட்கார்ந்து வேடிக்கை பார்த்தார். அதற்குப் பிறகு மாடிப்படியைக் கண்டாலே தயங்கினார். அவரைவிட நான் பயந்தேன் என்பதையும் சொல்லிவிட வேண்டும். ராத்திரி மூச்சு வருகிறதா என்று பார்ப்பதே எனக்கு வேலையாகிவிட்டது. ஆக, அவர் தன் காலில் அந்தக் கடற்கரைக்குப் போய்ச் சேர்வாரா என்பதற்காகத்தான் இந்தப் பயணம்.

பாரத்தை நான் எடுத்துக்கொள்ள வேண்டுமென்றால் பாரமே குறைய வேண்டும். மாவு நிறுக்கும் சமையலறைத் தராசை வைத்துக்கொண்டு ஒரு வாரம் உட்கார்ந்தேன். இருவர் கூடாரம் 1.3 கிலோ. போர்வைக்குப் பதில் இரண்டு கைலி. துண்டு ஒன்று போதும். பல் துலக்கியின் பிடியைக்கூட அறுத்தேன், சிரிக்காதீர்கள். சாப்பாட்டுக்கு அவல், நெத்திலிப் பொரியல், மீ (நூடுல்ஸ்) பாக்கெட், வேகவைக்க ஒரு குட்டி அடுப்பு. இரண்டு லிட்டர் தண்ணீரோடு சேர்த்து என் மூட்டை 6.8 கிலோ. அவருடையதில் ஒரு லிட்டர் தண்ணீர், மழைச்சட்டை, மாத்திரை, நெஞ்சு வலித்தால் நாக்கின் அடியில் அடிக்கும் ஸ்ப்ரே, அந்தத் துண்டு, மொத்தம் 2.1 கிலோ. வெள்ளிக்கிழமை மாலை நிறுத்து முடித்துப் பைகளைக் கதவோரம் வைத்தேன்.

காலை 7 மணிக்கு கொம்தார் பேருந்து நிலையத்தில் 101 பேருந்து, ஆளுக்கு 3 வெள்ளி (ரிங்கிட்) 40 காசு. ஓட்டுநர் எங்கள் பைகளைப் பார்த்து, "அண்ணே, கேம்பிங்கா? பேக்கு இவ்ளோ சின்னதா இருக்கு, கூடாரம் எங்க?" என்றார். "எல்லாம் எங்க வீட்டம்மா கணக்கு தம்பி" என்றார் சந்திரன். 8.15க்கு பூங்கா வாசல் இருக்கும் தெலுக் பஹாங். நுழைவுக் கட்டணம் மலேசியர்களுக்கு ஆளுக்கு 10 வெள்ளி. கூடாரம் போட அனுமதி வாங்கி, பதிவேட்டில் பெயர் எழுதினோம். மறுநாள் 11 மணிக்கு எங்களை ஏற்றிவர ஒரு படகுக்கும் சொல்லிவைத்தேன், 100 வெள்ளி. கடற்கரையில் கைப்பேசிக்கு சிக்னல் கிடைக்காது. அதனால் ஞாயிறு மதியம் ஒன்றுக்குள் நான் கூப்பிடாவிட்டால் யாருக்குச் சொல்ல வேண்டும் என்று அக்காவிடம் எழுதியே கொடுத்திருந்தேன்.

மொத்தப் பாதை 3.4 கிலோமீட்டர். முதல் அரை கிலோமீட்டர் கடலோரமாகச் சமதரை. பிறகு இடப்பக்கம் பிரிந்து காட்டுக்குள் ஏறுகிறது. ஏறிய பத்தாவது நிமிடம் கடல் சத்தம் நின்றுபோனது. அண்ணாந்து பார்த்தால் மரங்களுக்கு முடிவே இல்லை. இருபது வருடமாகப் பார்க்கிற காடுதான், ஆனால் அன்று அதன் முன்னால் அண்ணாந்தபடியே நின்றேன். பக்கத்தில் அவர் நின்றுகொண்டிருந்தார், அதனால் இருக்கலாம்.

பத்தரை மணிக்குச் சந்திரன் சட்டென்று ஒரு வேரின்மேல் உட்கார்ந்தார். முகமெல்லாம் வியர்வை. "நெஞ்சு வலிக்குதாங்க?" "வலி இல்ல. மூச்சுதான்." நாடியைப் பிடித்து எண்ணினேன், 124. 120ஐத் தாண்டினால் உட்கார வேண்டும், பதினைந்து நிமிடத்தில் 100க்குக் கீழே வராவிட்டால் திரும்பிவிட வேண்டும் என்று வீட்டிலேயே முடிவு செய்திருந்தோம். ஸ்ப்ரே எடுக்க அவர் பையைத் தூக்கினேன். கனத்தது.

திறந்தால், துண்டுக்குள் சுற்றிய ஒரு தேங்காய்!

"ஏங்க, என்னாங்க இது?"

"தேங்காதான் லா."

"நான் பிரஷ்ஷுல அஞ்சு கிராம் வெட்டிக்கிட்டு இருக்கேன், நீங்க தேங்காய தூக்கிட்டு வர்றீங்களா? டாக்டர் என்னா சொன்னாரு?"

"நீ நிறுத்த பெறகுதான் வச்சேன்" என்றார். கொஞ்சம் மூச்சு வாங்கிவிட்டு, "தைப்பூசத்துல ஒடைக்க முடியல. அங்க போயி ஒடைக்கலாம்னு பாத்தேன் மலர்" என்றார்.

எனக்கு வந்த கோபத்துக்கு அந்தத் தேங்காயை அங்கேயே உருட்டிவிட்டிருப்பேன். வலி இல்லாததால் ஸ்ப்ரேயைக் கையில் மட்டும் வைத்துக்கொண்டு, பல்லைக் கடித்தபடி நாடியை எண்ணினேன். 110. 103. பதின்மூன்றாவது நிமிடம் 96. எழுந்தார். தேங்காயை என் பைக்கு மாற்றப் போனேன், பையை மார்போடு அணைத்துக்கொண்டார். "இத மட்டும் நான் தூக்கறேன்" என்றார். சரி என்றேன்.

மற்றவர்கள் ஒன்றரை மணி நேரத்தில் கடக்கும் பாதையை நாங்கள் மூன்று மணி நேரத்தில் கடந்தோம். 11.45க்குக் கடற்கரைக்குப் போகும் பாலத்தின்மேல் நின்றோம். கீழே ஓர் ஏரி. மேலே நல்ல தண்ணீர், அடியில் கடல் தண்ணீர், இரண்டும் கலக்காமல் கிடக்கின்றன. சில மாதங்களில் வற்றிவிடும். அன்று ததும்பி நின்றது. அதற்கு அந்தப் பக்கம் ஆளே இல்லாத வெள்ளை மணல். சந்திரன் பாலத்தின் கம்பியைப் பிடித்துக்கொண்டு அழுதார். நானும் அழுதேன்.

மறுநாள் காலை 7 மணிக்குக் கூடாரத்தைத் திறந்தால், இருபது அடி தள்ளி மணலில் டிராக்டர் ஓட்டிப்போன மாதிரி ஒரு தடம். கடலிலிருந்து ஏறி, வளைந்து, திரும்ப கடலுக்கே போயிருந்தது. கரையிலேயே இருக்கும் ஆமைக் காப்பகத்தில் வேலை செய்யும் பாக்சிக், ஒரு மலாய்ப் பெரியவர், வந்து பார்த்துவிட்டு, பச்சை ஆமை, நூறு கிலோவுக்கு மேலே இருக்கும், முட்டையிட்டுவிட்டுப் போயிருக்கிறது என்று மலாயில் சொன்னார். நாங்கள் தூங்கும்போது அவ்வளவு பெரிய உயிர் எங்களைத் தாண்டி நடந்திருக்கிறது. நூறு கிலோவையும் இழுத்துக்கொண்டு இந்த மேட்டில் ஏறியிருக்கிறது. அந்தத் தடத்தின் ஓரத்தில் வெகுநேரம் உட்கார்ந்திருந்தேன். கிராம் கிராமாக நிறுத்ததை நினைத்துக் கொஞ்சம் வெட்கமாகக்கூட இருந்தது.

பத்தரைக்கு, காப்பகத்திலிருந்து தள்ளி, கரையின் கோடியில் இருந்த பாறைக்கு அவர் தேங்காயோடு போனார். கண்ணை மூடிக்கொண்டார். கையை ஓங்கி அடித்தார். தேங்காய் பாறையில் பட்டுத் தெறித்து, உடையாமல் மணலில் விழுந்தது. போதுங்க என்று சொல்ல வாயெடுத்தேன். அவர் அதற்குள் குனிந்து எடுத்துவிட்டார். இந்த முறை கை தலைக்கு மேலே போனது. சட்டை விலகி, நெஞ்சில் அந்தத் தையல் தழும்பு தெரிந்தது. தேங்காய் சுக்குநூறாகச் சிதறியது.

ஒரு தேங்காய்ச் சில்லைக் குரங்கு பறித்துக்கொண்டு ஓடியது. மீதியை, ஓடு உட்பட, ஒன்றுவிடாமல் பொறுக்கிப் பையில் போட்டோம். படகுக்காரருக்கும் ஒரு துண்டு கொடுத்தோம். படகு பாதி தூரம் வந்த பிறகுதான் உறைத்தது, நான் அவர் நாடியை எண்ணவே இல்லை.

போக நினைப்பவர்களுக்கு: கட்டணங்கள் மாறலாம், விசாரித்துக்கொள்ளுங்கள். ஆளுக்கு இரண்டு லிட்டர் தண்ணீர் வேண்டும். நாங்கள் எடுத்துப் போனது போதவில்லை, ஊற்றுத் தண்ணீரைக் கொதிக்க வைத்துக் குடித்தோம். கடலில் குளிக்காதீர்கள், ஜெல்லி மீன் உண்டு. ஆமை வரும் மாதங்களில் கரையில் விளக்கு காட்டாதீர்கள். எந்த இடத்தில் திரும்புவது என்பதை வீட்டில் இருக்கும்போதே முடிவு செய்யுங்கள், காட்டில் பிடிவாதம்தான் பேசும். எடையைக் கட்டாயம் குறையுங்கள், அறுத்த பல் துலக்கி உட்பட எதற்கும் நான் வருத்தப்படவில்லை.

வீட்டுக்கு வந்ததும் அதே அளவில் ஒரு தேங்காயைத் தராசில் வைத்துப் பார்த்தேன். என் பட்டியலில் இப்போது ஒரு வரி கூடியிருக்கிறது: தேங்காய், ஒன்று, 620 கிராம். தூக்குபவர்: சந்திரன்.