பச்சை இழை ஒட்டிய ஆர்புலினா

மைக்ராஸ்கோப்பில் அந்த உருண்டையைப் பார்த்ததும் எனக்கு வந்தது வியப்பில்லை, கோபம். அது ஆர்புலினா. பழைய கடலில் மிதந்து வாழ்ந்த, மணல் பருக்கை அளவே உள்ள ஓர் உயிரின் ஓடு. பக்கத்திலேயே குளோபோட்ரங்கானா கிடந்தது. அது டைனோசர் காலத்தோடு அழிந்துபோன இனம். ஆர்புலினா தோன்றியதோ அதற்குப் பல கோடி ஆண்டுகள் கழித்து. கொள்ளுத்தாத்தாவும் கொள்ளுப்பேரனும் ஒரே வகுப்பில் படித்த கதை. இரண்டும் சேர்ந்து கிடந்தால் அந்தப் பாறை அடுக்குக்கு என்ன வயது சொல்வது?

ஓய்வு பெற்றபின் திருப்பூரை அடுத்த மங்கலத்தில் உறவினரின் பனியன் கம்பெனி மாடியில் சின்ன லேப் நடத்துகிறேன். எண்ணெய்க் கிணறு தோண்டுகிறவர்கள் பாறைத் துண்டுகளை அனுப்புவார்கள். ஊறவைத்து, சல்லடையில் அலசி, ஓடுகளைப் பொறுக்கி ஸ்லைடில் வைத்து, இனம் பார்த்து வயது சொல்வோம். பொறுக்குவது ஜெபராணி. தூத்துக்குடிப் பக்கம், கீழே செக்கிங் மேசையில் பல வருஷம் இருந்தவர். விட்டுப்போன ஒரு தையல்கூட அவர் கண்ணுக்குத் தப்பாது. இருந்தும், அவர் பொறுக்கியது போக மிச்சத்தை என் ட்ரேயில் கொட்டி மறுபடி பார்ப்பேன். யாரையும் நம்பாதது என் குணம்.

ஒரு சாம்பிள் முடிந்ததும் சல்லடையை மெத்திலீன் ப்ளூ சாயத்தில் முக்க வேண்டும். கண்ணிகளில் பழைய ஓடு சிக்கியிருந்தால் நீலமாகிக் காட்டிக்கொடுத்துவிடும். முந்தின சாம்பிளில் ஆர்புலினா மண்டிக் கிடந்தது. என் ட்ரேயில் இருந்ததோ வெள்ளை வெளேரென்று ஐந்து. ஜெபராணியின் ஸ்லைடில் ஒன்றுகூட இல்லை. சல்லடையை முக்காமல் விட்டதை மறைக்கிறார் என்று முடிவு கட்டினேன்.

“ஏனுங்கம்மா, சல்லடையை நீலத்துல முக்குனீங்களா, இல்லீங்களா?”

“முக்குனேன் சார்.”

“அப்புறம் எப்படிங்க இது வெள்ளையா இருக்குது? பொய் சொல்றவங்களை நான் வச்சுக்கறதில்லீங்க. நாளைக்கு வர வேண்டாமுங்க.”

வேலையை விட்டு நிறுத்தும்போதும் எங்கள் ஊரில் மரியாதைக்குக் குறைச்சலில்லை.

அவர் பையை எடுத்தார். வாசல் வரை போய் நின்றார். “கீழ எல்லாரும் எனக்குத் தெரிஞ்சவங்க சார். தப்புப் பண்ணுனதால தொரத்திட்டாங்கன்னுதான பேசுவாங்க? ஒரே ஒரு தடவ நான் பாத்துக்கிடுதேன்.”

வேண்டா வெறுப்பாக நாற்காலியை விட்டேன். அவர் லென்ஸைத் திருகி, நெடுநேரம் பார்த்தார்.

“சார், இதுல பச்சை நூலு ஒட்டியிருக்குல்லா?”

பார்த்தேன். ஐந்தில் மூன்றில் பச்சைப் பஞ்சு இழை. என் மேசையில் கிடந்தது கீழிருந்து வந்த பச்சைக் கட்டிங் வேஸ்ட், பனியனுக்கு வெட்டியதில் மிஞ்சிய துண்டுத் துணி. திருப்பூரில் கையிலிருந்து கார் வரை அதில்தான் துடைப்போம். நானும் ட்ரேயை அதில்தான் துடைப்பேன். ஜெபராணி ஒருநாளும் அதைத் தொட்டதில்லை, தன் ட்ரேயைக் குழாயடியில் பிரஷ் போட்டுக் கழுவுவார். அந்தத் துணியை லென்ஸுக்கு அடியில் விரித்தோம். பின்னல் கண்ணிகளுக்குள் முந்தின சாம்பிளின் ஆர்புலினா இன்னும் உட்கார்ந்திருந்தது.

வெட்கத்தில் காது சுட்டது. “தப்பு என்னுதுங்க, மன்னிச்சுக்குங்க” என்றேன். அவர் பையோடு படியிறங்கிப் போய்விட்டார்.

இந்த வேலைக்கு வருகிறவர்கள் தாராளமாகச் சந்தேகப்படுங்கள். ஆனால் உங்கள் கையில் ஆரம்பியுங்கள்.

மறுநாள் ஜெபராணி வந்தார். நான் உட்காருவதற்கு முன் என் ட்ரேயை எடுத்து லென்ஸுக்கு அடியில் வைத்தார். இன்றுவரை தினமும் அப்படித்தான். “சரி சார், உக்காருங்க” என்று அவர் சொல்லும்வரை நான் நின்றுகொண்டிருப்பேன்.