அப்பாவின் பெயருக்கு வந்த அறிவித்தல்

தெருவை அகலமாக்க எங்கள் குசினியை இடிக்கப்போவதாக நகரசபை அறிவித்தல் அனுப்பியது. வீட்டில் வாசிக்கத் தெரிந்தவள் நான் ஒருத்தி என்பதால், கொண்டுவந்த வெளியூர்க் கிளாக்கர் முன்னிலையிலேயே மிடுக்காக வாசித்தேன். காணிச் சொந்தக்காரர் என்று அப்பாவின் பெயர் இருந்தது.

அப்பாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அடுப்படியிலிருந்த அம்மாவைக் காட்டினார். "நான் கலியாணம் முடிச்சு இஞ்ச வந்தவன் தம்பி. வீடும் வளவும் இவவுட சீதனம். இவவக் கேளுங்க."

"வீட்டுக்கு ஆம்பிளை நீங்கள்தானே?" என்றார் கிளாக்கர்.

அம்மா அடுப்படியை விட்டு எழும்பவில்லை. "அவர்ர பேர்தான் எழுதியிருக்கெண்டா அவரையே கூட்டிட்டுப் போங்க. குசினி இஞ்சதான் நிக்கும்."

கிளாக்கர் கையிலிருந்த மற்ற அறிவித்தல்களையும் வாங்கிப் பார்த்தேன். எங்கள் தெரு முழுவதற்கும் ஆண்களின் பெயர்கள். எங்கள் ஊரில் வீடும் வளவும் பெண்பிள்ளைகளுக்கே சீதனமாகப் போகும்; அவர்களில் ஒருவருக்கும் அங்கே ஒரு முழம் நிலமில்லை.

எல்லாவற்றையும் பெண்களின் பெயருக்குத் திருத்தி எழுதவென்று கிளாக்கர் எடுத்துப்போனார். தெரு இன்னும் அகலமாகவில்லை. அம்மா அதே குசினியில்தான் மீன் பொரிக்கிறார்.